பரோட்டா போடும் கையும் டிரான்ஸ்பார்மர் சூடும்

தம்பி, திங்கட்கிழமை நீ அனுப்பிய மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. "ஓசூருக்கு அந்த ஆம்ப எட்த்துனு போவட்டாப்பா?" என்று ஒரே வரி. வருகிற ஞாயிறு நீ வேலை மாறி அங்கே கிளம்புகிறாய். நான் பார்த்துவிட்டேன் என்று உன் போனில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும். மூன்று நாளாக அப்பாவுக்குக் கொடுக்க மனசில்லை போல என்று நினைத்திருப்பாய். இரண்டாவது முறை நீ கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாய். உன்னை அப்படி ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆம்ப் பற்றியும் சொல்வேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

மதியம் மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டேன். அது ஊறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலின் பின்பக்கம், மைதா மூட்டைமேல் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இதை உனக்கு அனுப்புவேன். ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் இருக்கிற நம் ஆம்ப் குரூப்பிலும் போடுவேன். உன் பெயரைப் போடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எரிந்துபோன டிரான்ஸ்பார்மரின் போட்டோவை அந்தக் குரூப்பில்தான் போட்டேன். எத்தனையோ பேர் "ஐயோ அண்ணா" என்று ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு வேறொன்றும் வெந்தது, அதை நான் அங்கே சொல்லவே இல்லை. அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு எப்படி இந்த ஆம்ப் பைத்தியம் பிடித்தது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மின்தடையை அளக்கிற ஓம் என்றால் என்னவென்று படித்தவன் இல்லை நான். எட்டாவதோடு நின்றவன். கையில் போன் வந்ததும், மாவு ஊறுகிற நேரத்தில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒரு போர்டு, நாலு கெப்பாசிட்டர், ஒரு டிரான்ஸ்பார்மர், இவ்வளவுதான், ஸ்பீக்கரில் பேஸ் வந்து நெஞ்சில் முட்டுகிறது! முதல் முறை பாட்டு வந்தபோது நான் எழுந்து குதித்தது ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, ஷாக் அட்ச்சிச்சா?" என்று நீ ஓடிவந்தாய். அந்த ஆம்புக்குப் பெட்டியை நீதான் செய்தாய். பாலிடெக்னிக் ஒர்க் ஷாப்பில் பலகையை இழைத்து, மூலைக்கு மூலை பொருத்தி, முன்பக்கம் ஒரு நீல விளக்கும் வைத்தாய். டிரான்ஸ்பார்மர் மட்டும் என் பொறுப்பு. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் பழைய சாமான் கழித்தபோது தூக்கிவந்தேன். கடல் காற்றில் துருப்பிடித்து, ஆரஞ்சுக் கலரில் இருந்தது. ஐந்து ஆம்பியர் என்று மேலே ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்ததை நம்பினேன். ஓட்டலில் மைதா நிறுக்கிற தராசில் தூக்கி வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்த அளவு சக்திக்கு இரும்பும் செம்புமாக ஏறக்குறைய இரண்டு கிலோ வரவேண்டும். அது ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். இந்த விஷயத்தில் எடை ஏமாற்றாது, ஸ்டிக்கர் ஏமாற்றும்.

ஆடி மாதம், மூன்றாவது ஞாயிறு. நம் தெருவில் கூழ் ஊற்றுகிற நாள். பாட்டு செட்டு போடுகிறவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான்தான் முந்திக்கொண்டு, "இன்னாத்துக்குக் கவல, என் ஆம்ப் கீது" என்றேன். வீட்டுக்குள் கேட்கிற ஆம்ப் அது. அதைக் காலை ஆறு மணிக்கு, தகரக் கொட்டகையின் கீழ், இரண்டு பெரிய ஸ்பீக்கரோடு மாட்டி, வால்யூமை முழுசாகத் திருகினேன். தூறல் விழுந்தது என்று பெட்டிமேல் ஒரு துணியையும் போட்டு மூடினேன். இன்னொன்றும் செய்திருந்தேன், அது உனக்கே தெரியாது. அதற்கு முந்தின வாரம் ஃபியூஸ் போய்விட்டது. கடைக்குப் போகச் சோம்பல். ஒயரைச் சீவி இரண்டு இழை செம்புக் கம்பியை ஃபியூஸ் இருக்கிற இடத்தில் முறுக்கி வைத்தேன். டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றத் தான் செத்துப்போவதுதான் ஃபியூஸின் வேலை. என் கம்பி சாகவில்லை.

உன்னைப் பெட்டி பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நான் அண்டாவில் கூழ் கிண்டப் போனேன். பத்து மணி இருக்கும். நீ எழுந்து வந்தாய்.

"அப்பா, டிரான்ஸ்பார்மர் ரொம்ப சுட்துப்பா. கொஞ்ச நேரம் நிறுத்தட்டா?"

நான் துடுப்பை வைத்துவிட்டு வந்தேன். பிளக்கைக்கூடப் பிடுங்கவில்லை. மூடியைத் தூக்கி, இரும்புமேல் உள்ளங்கையை வைத்தேன்.

"இதுவாடா சூடு? வெதுவெதுன்னு கீது. இதுக்கா ஓடியாந்த?"

உன் ஏழுமலை மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "உடு மாமா, பாலிடெக்னிக் கையி. பேனா புட்ச்ச கையி அது. ஒரு நாளு உன் கல்லு முன்னாடி நிக்க வையி, அப்போ தெரியும் சூடுன்னா இன்னான்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி வந்தாய். இந்த முறை உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "அப்பா, வாசன வர்துப்பா. சத்தியமா சொல்றன், வந்து பாரு." கூழ் வாங்கத் தூக்குச் சட்டியோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் என் ஆம்பைக் குறை சொல்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. உண்மை அவ்வளவுதான், தம்பி. உனக்குச் சுடுகிறதா இல்லையா என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"வா. இங்க வையி கைய. பத்து எண்ற வரைக்கும் எடுக்கக்கூடாது."

ஏழுமலை எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மாப்ள மூஞ்சப் பாரு மாமா... மூணு..." வரிசையில் இருந்து ஒரு அம்மா, "உடு அண்ணாத்த, பாவம் புள்ள" என்றது. நான் விடவில்லை. என் கை உன் கைமேல் இருந்தது. சும்மா வைத்திருந்தேன், அழுத்தவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுத்தினேன். நீ கத்தவில்லை. கையையும் பார்க்கவில்லை. பத்து வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாத்தியா? தாங்கிச்சி இல்ல? ஒண்ணும் ஆவாது. போ, பாட்டப் போடு."

நீ கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு போனாய்.

அரை மணி நேரத்தில் பாட்டு இழுத்துக்கொண்டு நின்றது. மேலே போட்டிருந்த துணி கருகிப் புகை வந்தது. உன் அம்மாதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகினால் ஒரு நாற்றம் வரும், மீன் அழுகியதும் பிளாஸ்டிக் எரிந்ததும் சேர்ந்த மாதிரி. நீ பன்னிரண்டு மணிக்குச் சொன்ன வாசனை அதுதான். நான் அந்தக் கருகிய கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யார் வந்து கேட்டாலும் ஆம்ப் கதையையே சொன்னேன். குரூப்பில் போட்டோ போட்டேன். இரண்டு நாள் எனக்கு அதே துக்கம்.

மூன்றாம் நாள் மதியம் நீ ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "இன்னாடா தொர, ஸ்பூனெல்லாம்?" என்றேன். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கைய காட்டுடா உங்கப்பனாண்ட" என்றாள். நீ காட்டமாட்டேன் என்றாய். அவளே உன் கையைத் திருப்பிக் காட்டினாள். நாலு விரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாகத் தொங்கியது. அந்த வாரம் உனக்கு டிராயிங் பரீட்சை. அந்தக் கையால்தான் பென்சில் பிடித்துக் கோடு போட்டுவிட்டு வந்திருந்தாய். நான் கடைக்குப் போய் மருந்து வாங்கிவந்து டி.வி. மேல் வைத்தேன். வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். "தப்பு பண்ட்டன்டா" என்று இரண்டு வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. இன்றைக்குத்தான் வருகிறது. தப்பு பண்ணிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ மாறிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. பிள்ளை பொறுப்பாகிவிட்டான், எதற்கும் தொல்லை தருவதில்லை என்று ஓட்டலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் சேர்ந்தாய், அங்கேயே நண்பர்களோடு ரூம் எடுத்தாய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாய். கேட்டால் "நல்லா கீறம்பா" என்பாய். போன வருஷம் மே மாதம் ஷிப்டில் அடுப்பு மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தாய். நீ சொல்லவில்லை. உன் ரூமில் இருக்கிற பையன் பரோட்டா சாப்பிட வந்தபோது, வாய் தவறி என்னிடம் சொன்னான். மூன்று நாளாக உனக்குக் காய்ச்சல் என்றும், சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் நின்றாய் என்றும் சொன்னான். அந்த ஞாயிறு நீ வந்ததும் நான் கத்தினேன். "ஏன்டா சொல்லல? வூட்ல நாங்க எதுக்குக் கீறோம்?"

நீ கத்தவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "சொன்னா இன்னா ஆவப் போதுப்பா. 'இதுவாடா சூடு'ம்ப."

அவ்வளவுதான் சொன்னாய். நீ உள்ளே போய் அம்மாவோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டாய். நான் வாசலிலேயே நின்றேன்.

அந்த வாரம்தான் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று கேட்டால் தெரியாது. கை எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது. புது டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். இந்த முறை தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். மாட்டிப் போட்டுப் பார்த்தேன், பாட்டு வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெது. ஆனால் அந்தப் பழையதும் வெதுவெதுதானே? அது ஏன் எரிந்தது? குரூப்பில் எழுதினேன்: "கை வைத்துப் பத்து எண்ண முடிந்தால் சூடு ஓகே என்று வீடியோவில் சொல்கிறார்கள். எனக்கு நூறுகூட எண்ண முடிந்தது. அப்படியும் எரிந்துவிட்டது. ஏன்?" ஆளுக்கொன்று சொன்னார்கள். துரு என்றார்கள், கம்பி என்றார்கள், துணி என்றார்கள். எல்லாம் உண்மைதான். கடைசியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு அக்கா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பரோட்டா மாஸ்டர்க்கா. இருபது வருஷமா" என்று போட்டேன்.

சிரிக்கிற பொம்மையாக வந்து குவிந்தது. ஒருத்தன் "மாஸ்டர் ரெண்டு பரோட்டா ஒரு ஆம்லெட்" என்று போட்டான். எனக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்த அக்கா எழுதினார்: "கல்லுலருந்து கொதிக்கக் கொதிக்க எடுத்து ரெண்டு கையால அடிக்கிற கை அது. அந்தக் கை கணக்குல வராது அண்ணா. இனிமே நீங்க தொட்டுப் பாக்காதீங்க. பக்கத்துல இருக்குற யாராச்சும் சுடுதுன்னு சொன்னா, அவங்க சொல்றதுதான் சரி."

நான் அப்போது கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து பரோட்டா கருகியது. முதலாளி, "மாஸ்டர், இன்னா தூங்கிகினு கீறியா?" என்று கத்தினார். தூங்கவில்லை.

மறுநாளே ஒரு மல்டிமீட்டரும், அதோடு சேர்ந்து வருகிற, சூடு பார்க்கிற ஒயரும் வாங்கினேன். ஒயரின் நுனியை டிரான்ஸ்பார்மர்மேல் டேப் போட்டு ஒட்டி, ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டேன். மீட்டர் அறுபத்து மூன்று டிகிரி காட்டியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அணுபுரம் தையல் கடையில் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"தொட்டுப் பாரு."

"ஐயே!" என்று கையை உதறினாள். "இன்னாயா இது, இஸ்திரிப் பொட்டி மாரி கீது!"

நான் வைத்தேன். எடுக்கவில்லை. "எனக்கு வெதுவெதுன்னுதான் கீது."

அவள் என் கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, கட்டை விரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். "உன் கை செத்துப்போச்சியா" என்றாள். "அது உனக்கே தெரில." பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்: "அன்னிக்கி இத்தவிட ஜாஸ்தியா இருந்திருக்கும் இல்ல? அந்தப் புள்ள பத்து எண்ற வரைக்கும் வெச்சினு நின்னானே."

தம்பி, நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே சுடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பொய் என்றால் மனசுக்குள் எங்கேயாவது உறுத்தும். இது உறுத்தவே இல்லை. எனக்குச் சுடாதது உலகத்தில் யாருக்கும் சுடாது என்று இருந்துவிட்டேன். நீ பத்தாவதில் கணக்கு வரவில்லை என்று அழுதபோதும், பாலிடெக்னிக்கில் சீனியர்கள் நம் காலனிப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று வந்து நின்றபோதும், நான் இதே கையைத்தான் வைத்துப் பார்த்தேன். "நாங்க பட்டதுல இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றேன். நாங்கள் பட்டது நிஜம். உனக்கு அது தேவையே இல்லை. உனக்குத் தேவை, ஆமாம்டா சுடுகிறது என்று ஒரு ஆள் சொல்வது.

அதனால் ஓசூருக்கு ஆம்பைக் கொடுப்பதற்கு முன்னால், கையை நம்பாமல் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தருகிறேன். கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து நல்லா இருக்கிறது என்று எழுந்துவிடாதே. டிரான்ஸ்பார்மர் என் பரோட்டாக் கல் மாதிரி. கனமான இரும்பு, மெதுவாகத்தான் ஏறும், ஏறினால் லேசில் இறங்காது. நீ எவ்வளவு சத்தத்தில் கேட்பாயோ அதே சத்தத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடவேண்டும். கால் மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து எழுது. எண் ஏறிக்கொண்டே இருந்தால் அது இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. நின்ற எண்தான் கணக்கு. அந்த எண்ணில் ரூமின் சூட்டைக் கழித்துப் பார். ஓசூர் குளிரில் ஐம்பது காட்டுகிற டிரான்ஸ்பார்மர், நம் ஊர் மே மாதத்தில் அறுபதைத் தாண்டும். ஓசூரில் நல்லா ஓடியது என்று லீவுக்கு இங்கே தூக்கிவந்து நாள் முழுக்கப் போட்டுவிடாதே.

வெளியில் காட்டுவதைவிட உள்ளே சூடு அதிகம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைப் படித்த அன்று நான் மூட்டைமேல் இருந்து எழுந்து ஆடினேன், போ! செம்புக் கம்பி சூடானால் அதன் ஓம் கூடும். ஒரு டிகிரிக்கு அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகக் கூடும். அப்படியென்றால் ஒரு துளையும் போடாமல், ஒரு ஸ்குருவும் கழற்றாமல், உள்ளே இருக்கிற கம்பியையே எவ்வளவு சுடுகிறது என்று கேட்கலாம்! காலையில் ஆறியிருக்கும்போது பிளக்கின் இரண்டு பின்னில், ஆம்பின் சுவிட்சை ஆன் பண்ணி வைத்து, ஓமை அளந்து எழுதிக்கொள். பிளக் சுவரில் இருக்கக்கூடாது, அது முக்கியம். பாட்டு ஓடி முடிந்ததும் பிடுங்கிவிட்டு உடனே மறுபடி அள. நம்முடையதில் காலையில் பதினாலு ஓம் இருந்தது, ஓடிய பிறகு பதினாறைக் கொஞ்சம் தாண்டியது. கணக்குப் போட்டால் உள்ளே நாற்பது டிகிரி போல ஏறியிருக்கிறது. ஓம் மீட்டர் வைத்தால் டிரான்ஸ்பார்மரே சொல்கிறது. உன்னிடம் மூன்று வருஷம் நான் வைக்காத மீட்டர் அது.

எண் அதிகம் காட்டினால் உடனே டிரான்ஸ்பார்மரைத் திட்டாதே. போர்டுக்குப் போகிற ஒயரைக் கழற்றி, நுனிகள் ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றி, டிரான்ஸ்பார்மரை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பார். சும்மா இருக்கும்போதே கொதித்தால் கோளாறு அதற்குள்ளேதான். சும்மா இருக்கும்போது குளிர்ச்சியாக இருந்து, வேலை செய்யும்போது மட்டும் கொதித்தால், அதன் தலையில் அதிகம் ஏற்றியிருக்கிறாய், அல்லது மூச்சுவிட இடம் கொடுக்காமல் அடைத்து வைத்திருக்கிறாய். பெட்டிமேல் துணி போடாதே. ஃபியூஸ் போனால் கடைக்கு நட. பெட்டியின் அடியில் நாலு ஃபியூஸ் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வாசனை வந்தால் எண்ணைக்கூடப் பார்க்காதே, பிடுங்கு.

இனி இந்த மூன்று நாள் கதை. உன் மெசேஜ் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மூன்று வருஷத்தில் நீ என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. உடனே எடுத்துக்கோ என்று போட விரல் போய்விட்டது. ஆனால் ஓசூரில் ஒரே ரூமில் நாலு பேர் இருப்பீர்கள், ஆம்பைப் போட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுவீர்கள். அதனால் அன்றைக்கே மூடியைப் போட்டு, ஸ்குரு முடுக்கி, நீ எடுத்துப்போகிற மாதிரியே வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். அறுபத்தெட்டு காட்டியது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. உன் அம்மா, "இத்த குடுத்து அனுப்பாத" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, யாரும் பார்க்காதபோது கையை வைத்தேன். வெதுவெது. பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், கொடுத்துவிடலாம், பிள்ளை கேட்டிருக்கிறான் என்று அந்தக் கை சொன்னது. இவ்வளவு படித்த பிறகும் சொன்னது. கையை எடுத்துக்கொண்டுபோய் குழாயில் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிரித்தேன். நீ பலகையை அவ்வளவு கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறாய், காற்று போக ஒரு இடுக்குக்கூட இல்லை! உன் வேலையில் நான் துளை போட்டேன், மன்னித்துக்கொள். அடியில் இரண்டு வரிசை, முதுகில் இரண்டு வரிசை. டிரான்ஸ்பார்மரை, போர்டின் சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்க்கை விட்டுத் தள்ளி மாட்டி, பெட்டிக்கு ரப்பர் கால் வைத்துத் தூக்கினேன். நேற்று மறுபடி இரண்டு மணி நேரம். ஐம்பத்தேழில் ஏறி, அங்கேயே நின்றது. இன்று காலையும் அதே ஐம்பத்தேழு. உள்ளே எழுபத்தைந்து போல இருக்கும். அதன் வார்னிஷ் தாங்குகிற சூட்டுக்கு அது ரொம்பக் கீழே. எண் சரி, எடை சரி, வாசனை இல்லை, உறுமல் இல்லை. உன் அம்மா தொட்டுப் பார்த்து, "சுட்து, ஆனா வெச்சினு இருக்க முடியுது" என்றாள்.

ஆனாலும் உனக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஒரு ஆள் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு. உன் பஸ் மதியம்தானே. நீ வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நான் பாட்டைப் போட்டு வைத்திருப்பேன். ஏழுமலை மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொன்னேன். "வர்றேன் மாமா" என்றார். நீ வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றுவேன். மீட்டரை உனக்குக் காட்டமாட்டேன். நீ கையை வைத்துப் பார். உள்ளங்கை வேண்டாம், வெந்து ஆறிய தோல் அது, அதற்கும் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம். புறங்கையை வை. வைக்கப் பிடிக்கவில்லை என்றால் வைக்கவே வேண்டாம். மீட்டர் என்ன காட்டினாலும், அம்மா என்ன சொன்னாலும், நீ "சுட்துப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி இங்கேயே இருக்கும். நான் திரும்பப் பிரித்து, இன்னொரு தரம் பார்த்து, நானே ஓசூருக்குத் தூக்கிவருவேன். ஓசூரில் வேறு எது சுட்டாலும் அப்படித்தான். போன் பண்ணு. நான் தொட்டுப் பார்க்கமாட்டேன்.

வைத்ததும் எடுத்துவிடலாம், தம்பி. இந்த முறை யாரும் எண்ண மாட்டார்கள்.